அளவு சொல்லாமல் நேர்ந்த நேர்ச்சை

பெரூஜா,
மே 9, வெள்ளி

அன்புத் தங்கை ஒலிந்தாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் உன் அத்தானும் உயிரோடிருக்கிறோம். நீயும் உன் கோழிகளும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு போதும், மூச்சு வாங்குகிறது.

இரண்டு வருஷத்தில் நாங்கள் குடியேறிய ஒன்பதாவது ஊர் இது. ஒன்பதும் மலை உச்சி. அந்தக் காலத்தில் படையெடுத்து வந்தவனே ஏற அலுத்துத் திரும்பிப் போன ஊருக்கெல்லாம் உன் அத்தான் அதெலினு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். வீட்டுச் செலவு எழுதிய நோட்டில் இப்போது படிகளை எழுதுகிறேன். தொலேதோவில் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு 188, சியேனாவில் 204, இங்கே 159. எல்லாம் என் வாயால் வந்த வினை. அவர் பக்கவாதத்தில் பேச்சுமூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "மாதாவே, இவரை எழுப்பி நடக்க வை, இவர் நடக்கிற இடமெல்லாம் நானும் கூட நடக்கிறேன்" என்று கட்டிலருகில் முழங்காலிட்டுச் சத்தமாகவே நேர்ந்துகொண்டேன். குழம்புக்கு எத்தனை சிட்டிகை உப்பு என்றுகூட எழுதிவைக்கிறவள், எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று மாதாவிடம் அளவு சொல்ல மறந்தேனே! மயக்கம் என்று நான் நினைத்த மனுஷன் அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். எழுந்த கையோடு, ஆவெய்ருவில் ஒரு படிகூட இல்லாத நம் வீட்டை விற்றார். செலுத்தாத நேர்ச்சை கல்லறைவரை துரத்தும் என்று கேட்டு வளர்ந்தவள் நான், என்ன செய்ய?

நேற்று கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். "ஏம்மா, மலைக்குள்ளயே நகரும் படிக்கட்டு வச்சிருக்கோமே, உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா?"

"அதுல நின்னுக்கிட்டுப் போனா நடந்ததா ஆகுமா?" என்றார் இவர். "எனக்கென்ன, நான் சும்மா நடக்கிறேன். நேர்ந்தது அவதானே."

"யாரு யாரைப் படுத்துறாங்கன்னு மாதாவுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுதானே என்னை எழுப்பிவிட்டா?"

ஒலிந்தா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பங்குச்சாமியாரைப் பார். நேர்ச்சையை மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. என் உயரத்துக்கு மெழுகுத்திரி, மெழுகில் செய்த இரண்டு கால், வருஷம் முழுக்கக் கோயிலைக் கழுவிவிடுவது, எதுவானாலும் சரி. அவர் ஒப்புக்கொண்டால், இந்த மனுஷன் எந்த மலையிலாவது தனியாக ஏறட்டும். நான் உன் வீட்டுக் கீழறைக்கு வந்துவிடுவேன். அடுத்த மாதம் வரும் அருளப்பர் திருநாள்வரை அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. வாசலில் ஒரு படி இருக்கிறதல்லவா, அதை இடித்துவிடு.

எல்லாரையும் மாதா காக்கட்டும். உங்கள் காலடியில் பூமி என்றைக்கும் தட்டையாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
கால் வீங்கிப்போன உன் அக்கா
எர்மீனியா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க இருவரும் இறங்கிப் போனோம். திரும்பி ஏறுகையில் நூற்றுப் பதினேழாம் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். "எர்மீனியா, அந்த நகரும் படியிலயே வந்திருக்கலாம். இடது கால் வரமாட்டேங்குது" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னதே இல்லை. "எந்திரிங்க. நீங்க நடக்கலைன்னா நான் எங்க நடக்கிறது?" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. எழுந்தார். மிச்சம் நாற்பத்திரண்டு படிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. சாமியாரிடம் வாயைத் திறக்காதே. நேர்ச்சை அப்படியே இருக்கட்டும். அறையை யாருக்காவது கொடுத்துவிடு. வாசல்படியை இடிக்க வேண்டாம்.