"நம்ம ஃபேக்டரித் தூளுங்க!"

அரைகுறையாக வேதியியல் படித்தவளை அடுப்படிப் பக்கம் விடக்கூடாது. நான் முழுசாகவே படித்திருந்தேன். அது அதைவிட ஆபத்து.

கீழ் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு இலை அழுகிய வாடை உண்டு. எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அக்காவைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதோடு கீழே வைத்தது, போனவர்கள் போனவர்கள்தான். (ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா தண்ணீரைத்தான் திட்டினாள்.) அடுத்து வரவிருந்தவர்களோ கோயமுத்தூர்க்காரர்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு!

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்," என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்ல?" என்றேன். எம்.எஸ்சி. முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அப்பா குமாஸ்தாவாக இருந்த டீ ஃபேக்டரியின் பின்னால் நிலக்கரித் தூள் சும்மா கொட்டிக் கிடந்தது. அதைப் பெயின்ட் டப்பாவில் அடைத்து, நெருப்பில் செக்கச் செவேலெனக் காயவிட்டு, அம்மாவின் குக்கரிலிருந்து செம்புக் குழாய் வழியாக நீராவி செலுத்தினேன். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். வாடையை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மொத்தச் செலவு ஒரு குக்கர். (அம்மா இன்னும் கேட்கிறாள்.)

அந்தக் கரியை, கழுவிய தண்ணீர் தெளியும்வரை பத்துத் தடவையாவது கழுவ வேண்டும். நான் ஒரு தடவைதான் கழுவினேன். விருந்தாளிகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மணல், கரி, துணி என்று அடுக்கிய வாளியில் தண்ணீரை ஊற்றி, வடிந்ததை முகர்ந்தேன். வாடை துளியும் இல்லை! எங்கள் குளிரில் வந்தவர்களுக்கு வெந்நீர்தான் கொடுப்போம். சுடவைத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினேன். வெளியே மூடுபனி, உள்ளே கரன்ட் இல்லை. நிறத்தை யார் பார்த்தது?

மாப்பிள்ளையின் அப்பா நிதானமாகக் குடித்து முடித்தார்.

"ஏனுங்க, வர டீ (பாலில்லாத டீ) நல்லாத்தான் இருக்குதுங்க. சக்கரைதான் மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஃபேக்டரித் தூளுங்க!" (அவர் சொன்னதில் பொய்யில்லை.)

அப்போதுதான் அம்மா தட்டோடு வந்தாள். "தண்ணி குடிச்சீங்களா? இந்தாங்க, டீ எடுத்துக்குங்க."

எல்லாத் தலைகளும் டம்ளருக்குள் குனிந்தன.

"அது... ஆக்டிவேட்டட் கார்பன்ல வடிகட்டின தண்ணிங்க," என்றேன்.

"வடிகட்டுனதே இப்பிடின்னா கெணத்துல என்னதானுங்க இருக்குது?" என்று மாப்பிள்ளை சிரித்தார். பல்லெல்லாம் கரி. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னாள்.

வாளி இன்றும் இருக்கிறது. ஒழுங்காகக் கழுவிய கரி, தண்ணீர் பளிங்கு. ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நம்மூட்டுத் தண்ணி வாசமே போயிருச்சேடி," என்பாள். எனக்கும் அந்த அழுகல் இலை வாடை திடீரென்று தேடும். அதற்குள் மாமா தன் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"கொழுந்தே இல்லாம டீ போட்ட கொழுந்தியா! இன்னைக்கு ஸ்ட்ராங் பத்தலையே?"