முப்பதுக்கு மேல் போகாத ஆசான்

உலகத்திலேயே நிதானமான மனிதர் எங்கள் மட்டாஞ்சேரியில்தான் இருந்தார். இதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால், அவர்கள் பையப்பைய ஆசானைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எழுபதுகளின் கடைசி. மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் அவருடைய ஒர்க்‌ஷாப். அந்த ஊரில் மெக்கானிக்கை ஆசான் என்பார்கள். வாயைத் திறந்தால் ‘பையப் பைய’ என்றே வருவதால் அதுவும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வந்து வெகுகாலமானதால் பாதி மலையாளம் பேசுவார். மீதியைத் தமிழ் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எஞ்சினைப் பிரித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவதுதான் அவருக்கு உயிர். ஒவ்வொரு ரிங்கிலும் சின்னதாய் ஒரு வெட்டு இருக்கும். அதை ‘வாய்’ என்பார். “மூணு ரிங்கோட வாயும் ஒரே பக்கம் பார்த்தா எல்லாம் லீக்காகிப் போகும், கேட்டோ. ஆளுக்கொரு திசை பார்க்கணும்.” இதோடு விட்டாரா? ஒர்க்‌ஷாப்பில் மூன்று பெஞ்சுகளை மூன்று திசை பார்த்துப் போட்டிருந்தார். வம்பு பேச வந்தவர்கள் கழுத்து வலித்துத் திரும்பிப் போனார்கள்.

என் கறுப்புக் கார் மாமனார் தந்தது. ஏன் தந்தார் என்பது ஓட்டிய பிறகுதான் புரிந்தது. பெட்ரோலை விட ஆயிலை அதிகம் குடித்தது. நான் பஜாருக்குள் நுழைந்தால், கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். அப்போது என் மனைவி கமலா உண்டாகியிருந்தாள். முதல் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. “இந்த முறை வலி கண்டதும் கொஞ்சமும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும்” என்று எறணாகுளத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாலம் தாண்டிப் போக வேண்டும். பாலத்து நடுவில் கார் படுத்துவிடுமோ என்ற பயத்திலேயே நான் இளைத்துப் போனேன். காரை ஆசானிடம் விட்டேன்.

புது பிஸ்டன், புது ரிங்கோடு கார் வந்தது. புகை இல்லை. கூடவே ஆசானும் வந்தார்.

“புது ரிங் பச்சைப் பிள்ளை மாதிரி சாரே. இடம் பழகற வரைக்கும் முப்பதுக்கு மேல போகவே கூடாது. சாரை நம்பி எப்படி விட?”

விடவில்லை. தினமும் நான் எறணாகுளம் பிராட்வேயில் இருந்த என் கடைக்குப் போகும்போது முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். கண் ஸ்பீடாமீட்டரிலேயே இருக்கும். முள் முப்பதைத் தொட்டால் யாரோ தன்னைக் கிள்ளிய மாதிரி, “ஐயோ சாரே!” என்பார். பின் கண்ணாடியில் ஒரு பலகை வேறு: ‘புது ரிங். மெதுவாகப் போகும். ஹாரன் அடிக்காதே.’ மலையாளம், தமிழ், குஜராத்தி, இங்கிலீஷ் நான்கிலும். மட்டாஞ்சேரியில் எவனும் தனக்குப் படிக்கத் தெரியாது என்று தப்பிக்கக் கூடாதாம். பலகை போக மிச்சமிருந்த கண்ணாடி வழியாக எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தும் பயனில்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டி முன்னால் போயிருந்தார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரர் பக்கத்திலேயே நடந்து வந்து, “சேட்டா, தள்ளணோ?” என்று கேட்டார்.

அப்படியொரு பகல் பொழுதில்தான் கமலாவுக்கு வலி கண்டது. சொன்ன நாளுக்கு வெகு முன்னாலேயே. பின் சீட்டில் அவள் நடுவில், இந்தப் பக்கம் என் அம்மா, அந்தப் பக்கம் மாமியார். முன்னால், வழக்கம்போல, ஆசான்.

பாலத்தில் ஏறும்போது கமலா வீறிட்டாள். என் கால் பழக்க தோஷத்தில் முப்பதிலேயே நின்றது.

“மிதி சாரே!”

எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன். “ஆசானே, ரிங்...”

“ரிங் போனா வேற ரிங் கிட்டும்! மிதி!”

மிதிக்க நினைத்தேன், கால் கேட்கவில்லை. ஆசான் அந்த நீள சீட்டில் நகர்ந்து வந்து, தன் காலை என் கால்மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். முள் முப்பது, நாற்பது, ஐம்பதைத் தாண்டியது. ஒரு கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “மாறிக்கோ! மாறிக்கோ!” என்று வழிவிடச் சொல்லிக் கத்தினார். ‘மெதுவாகப் போகும்’ என்று நான்கு மொழியில் எழுதிய கார் பறந்ததைப் பாலத்தில் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, மாமியார், நான் மூவரும் ஒரே நேரத்தில் புலம்பினோம். ஆசான் எங்களை ஆளுக்கொரு திசையாகத் திருப்பி உட்கார வைத்தார். நம்பினால் நம்புங்கள், புலம்பல் நின்றது.

பெண் குழந்தை. நேரத்துக்கு வந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆசானைத் தேடினால் வெளியே காரின் பானெட்டைத் திறந்து வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பொண்ணு, ஆசானே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

பானெட்டை மூடினார். கிரீஸ் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் இன்னும் கறுப்பானது. கண் மட்டும் பளபளத்தது. “மதி சாரே, அது மதி” என்றார், போதும் என்பதை மலையாளத்தில். பிற்பாடு ஒரு நாள் அந்த எஞ்சினை அவரே மறுபடி பிரித்தார். வேறு ரிங் கிடைத்திருந்தது.

கமலாவையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துப் போன அன்று பின் கண்ணாடியைப் பார்த்தேன். ‘புது ரிங்’ என்றிருந்த இடத்தில், நான்கு மொழியிலும் அடித்துவிட்டு, ‘பச்சைக் குழந்தை’ என்று எழுதியிருந்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “பையப் பைய சாரே. இருபது மதி” என்றார்.

இன்றும் நான் முப்பதைத் தாண்டுவதில்லை. “அப்பா, கொஞ்சம் வேகமாத்தான் போயேன்” என்று மகள் சலித்துக்கொள்கிறாள். போகலாம்தான். அதற்கு என் கால்மேல் கால் வைத்து அழுத்த ஆசான் பக்கத்தில் இருக்க வேண்டுமே.