சாலைக்கு அந்தப் பக்கத்து மன்னர்

ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 ஆகஸ்டில். எகர்ட்டன் விட்டர் பிறந்ததும் அதே மாதம்தான். அதனால் நாடும் தானும் இரட்டைப் பிள்ளைகள் என்பது அவர் எண்ணம். வாசகர்களே, இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடுதலைக்குப் பிறகும் நாட்டுத் தலைவராக நீடிக்கும், கடல் கடந்த பிரிட்டிஷ் மன்னரை விரட்டத் துடிக்கும். தன் தலையில் உள்ள கிரீடத்தை மட்டும் தூங்கும்போதும் கழற்றாது.

கிறிஸ்டியானா ஊர்ச் சாலையில் 'விட்டர் ஸ்டோர்ஸ்' இருக்கிறது. காலையில் கதவைத் திறந்து, மாவு மூட்டையை இழுத்துப் போட்டு, கருவாட்டை நறுக்கி, கடன் கேட்பவனை முறைத்து, ரம் கேட்பவனுக்கு அளந்து ஊற்றி, இருட்டியபின் பூட்டுகிறவர் டொரெட், விட்டரின் மனைவி. விட்டர் எங்கே? சாலைக்கு அந்தப் பக்கம், மாமர நிழலில், டோமினோ காய் ஆடும் மேசையில். கடைக்குள் அவர் படம் தொங்குகிறது. வெளியே பலகையில் அவர் பெயர்.

புரட்சி அந்த மேசையில்தான் நடக்கும். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு காயை ஓங்கி அறைவார்.

"எங்கேயோ அக்கரையில உக்காந்திருக்கார். ஒரு மூட்டை தூக்கியிருப்பாரா?" டமார்! "நம்ம வெயில்ல ஒருநாள் நின்னிருப்பாரா?" டமார்! "அப்புறம் எதுக்கய்யா நம்ம சுவத்துல அவர் படம்?"

கைதட்டல் பலமாக இருக்கும். டொரெட்டுக்கும் எதிர்ச்சாரியில் எல்லாம் கேட்கும்.

குடியரசு வேண்டுமா என்று பேச வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். முக்கியப் பேச்சாளர் விட்டர். ஊரே கடை வழியாக வருமே என்று, மங்கிப்போன பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க, பெயர்ப்பலகை எழுதும் டெவானை வரவழைத்தார். டெவான் ஏணியில் ஏறி, பழைய எழுத்தைச் சுரண்டி முடித்தான். டொரெட் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, இந்தத் தடவை என் பேரை எழுது."

விட்டர் சாலையைக் கடந்தார். பகல் வேளையில் அவர் அதைக் கடந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

"இப்ப எதுக்கு இது, டொரெட்? வெறும் பேருதானே? அது யாரை என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலேன்னா எடுத்துடலாமே."

"ஜனங்களுக்குப் பழகிப்போச்சும்மா. திடீர்னு மாத்தினா குழம்பிடுவாங்க."

"அண்ணே!" என்று மேசையிலிருந்து கத்தினார் அவருடைய ஆட்டக் கூட்டாளி ஹில்ட்டன். "இது மன்னர் கட்சிக்காரன் பேச்சாச்சே!"

"நீ சும்மா இருய்யா! இங்க பாரு டொரெட், கூரை ஒழுகுது. மொதல்ல அதைக் கவனிப்போம்."

"கல்யாணம் ஆன வருசத்துலேருந்து ஒழுகுது. வாளி வைக்கிறது நான்."

விட்டர் ஜனநாயகவாதி. ஓட்டெடுக்கலாம் என்றார். அரசியல் சட்டத்தை மாற்றுவதுபோல இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். டோமினோ மேசை தன் பக்கம்தான் என்று அவருக்கு நிச்சயம். அங்கே ஆடும் நான்கு பேரில் டொரெட்டுக்காக மூன்று கைகள் உயர்ந்தன. ஹில்ட்டன் கைதான் முதலில் மேலே போனது.

"என்னய்யா ஹில்ட்டன்!"

"எனக்கு ரம் ஊத்துறது நீங்க இல்லையேண்ணே."

"சரி, சரி. எப்படி மாத்துறதுன்னு ஆராய ஒரு குழு போடுவோம்..."

"அண்ணே, பிரஷ் காயுது," என்றான் டெவான்.

பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. விட்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே வலித்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் நிழலில் உட்கார்ந்திருந்தவனை எதற்கு விரட்டுகிறார்கள்? அக்கரை மன்னர்மேல் அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இரக்கம் சுரந்தது.

வியாழக்கிழமை பேசத்தான் போகிறார். மன்னரை அனுப்பியே தீரவேண்டும் என்பார். 'ஆனால் மரியாதையோடு, அவகாசம் கொடுத்து' என்று மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வாசல் பலகையில் யார் பெயர்? உள்ளே வாளி வைப்பது யார்?

டெவானிடம் பச்சைப் பெயிண்ட் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறான்.