பக்கத்தில் வந்து நிற்பவர்

முப்பத்தெட்டு வருடத்தில் என் மனைவியோடு நடந்த வாதங்களில் நான் ஜெயித்தவை மூன்று. அதில் இரண்டு, பாதியில் அவள் தூங்கிவிட்டதால் ஜெயித்தவை. நாலாவதை ஜெயித்தே தீருவது என்று சென்ற மாதம் தீர்மானித்தேன்.

வழக்கு என் கண்களைப் பற்றியது. இரண்டிலும் புரை, ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி டாக்டர் பக்கம். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்பது என் பக்கம். உண்மையில் எனக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்தான். கிடங்கில் முப்பத்தொரு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவன். கட்டிலிலிருந்து சமையலறைக்கு ஒன்பது எட்டு, வாசலுக்குப் பதினாலு, மாடிக்கு இருபத்திரண்டு படி. வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தால் எந்த நாற்காலியும் என்னைக் காட்டிக்கொடுக்காது.

கண்ணில் கத்தி படும் என்று நினைத்தாலே எண்ணிக்கை தப்பிவிடும் அளவுக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கம். வெட்கம் எனக்குப் பிறவிக் குணம். வாங்கிய செருப்பு கடிக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லக்கூட அவள்தான் கூட வர வேண்டும். அப்படிப்பட்டவன் அவளிடமே வாதாடுவது எப்படி? இருபத்திரண்டு படி ஏறி, மாடி வீட்டு வக்கீலிடம் போனேன்.

சின்ன வயதுக்காரர், தங்கமானவர். அவர் கதவில் அட்வகேட் என்று பித்தளைப் பலகை இருக்கும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று, பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்டேன்.

"லத்தீன்லேருந்து வந்தது, ஐயா. கூப்பிட்டதும் பக்கத்துல வந்து நிக்கிறவர்னு அர்த்தம். அந்தக் காலத்து ரோம்ல வழக்குன்னு வந்தா, வேண்டியவங்களைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்திக்குவாங்களாம்."

எனக்கென்றே செய்த வார்த்தை. கண் விவகாரத்தைச் சொல்லி, என் பக்கத்தில் நில்லுங்கள் என்றேன். அவர் ஒரு தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். தூரத்தில் பிடித்தேன். கிட்டத்தில் பிடித்தேன். ஒருமுறை இருமினேன். எல்லாம் சரி, மூன்றாவது வரியில் மட்டும் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அவர் தாளை வாங்கி மடித்துக்கொண்டார்.

மாலையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விசாரணை. மனைவி உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வக்கீல் வந்தார். என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"மன்னிக்கணும் ஐயா. நீங்க கூப்பிட்டது இன்னிக்கு. அம்மா போன வாரமே கூப்பிட்டுட்டாங்க. நீங்க வருவீங்கன்னு அவங்க சொல்லித்தான் தாளைத் தயாரா வச்சிருந்தேன்."

பிறகு அதை வாசித்தார். 'என் இரண்டு கண்ணும் மங்கல். இரண்டுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்.' அவ்வளவுதான். மூன்றாவது வரியே இல்லை.

சீவும் சத்தம் நின்றது.

"அதை இப்படிக் கொடுங்க தம்பி," என்றாள். எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். தாள் கிழியும் சத்தம். நாலு தடவை, எண்ணினேன்.

"இதைக் காட்டி உங்களை இழுத்துட்டுப் போக மாட்டேன். மூணு மாசமா எண்ணி எண்ணித்தானே நடக்கறீங்க? உங்க உதடு அசையறது எனக்குத் தெரியாதா? நாற்காலியை எல்லாம் இம்மி நகராம பார்த்துக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

வக்கீல் சத்தமில்லாமல் மாடிக்குப் போய்விட்டார்.

"பயமா இருக்கு," என்றேன்.

"இதைச் சொல்ல ஒரு வக்கீலா வேணும்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் உருளைக்கிழங்கின் ஈரம்.

வியாழக்கிழமை இடது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷன் அறை வாசல் வரை என் கையை அவள் விடவில்லை. அறைக்குள் போனதும் நர்ஸிடம், அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். "வெளியேதாம்மா நிக்கணும்," என்ற நர்ஸின் குரலும், "நிக்கிறேன், கதவுகிட்டயே நிக்கிறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்ற அவள் குரலும் கேட்டன. கத்தி எப்போது பட்டது என்றே எனக்குத் தெரியவில்லை.

கட்டுப் பிரித்த அன்று முதலில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் மூன்று கோடுகள், எனக்குத் தெரியாமல் வந்தவை. மூன்றும் அழகாகத்தான் இருந்தன. இந்த ஒரு கண்ணே போதும், வலது கண் அப்படியே இருக்கட்டும் என்று மிகுந்த அன்போடு சொன்னேன்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தெளிவாகப் படித்தேன். இரண்டு வரி. இரண்டு கண். கீழே என் கையெழுத்து.

"இதைத்தான் அன்னிக்கு நீ கிழிச்சியே?"

"அது போன மாசத்துக் காலண்டர் தாள்," என்றாள்.