பைசரின் எட்டடி மேசை

பலகை அழகாகத்தான் அறுபட்டிருந்தது. மயிரிழை அளவுகூடக் கோணல் இல்லை. அதைத் தூக்கிப் பார்த்த பிறகுதான், கீழே இருந்த சாப்பாட்டு மேசையும் அதே நேர்த்தியோடு அறுபட்டுப் போயிருப்பது பைசருக்குத் தெரிந்தது. மேசை ஒரு கணம் யோசித்துவிட்டு, இரண்டு பாதியாகப் பிரிந்து நடுவில் குந்தியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி ஸீனத் வாசலிலேயே உறைந்துபோனாள்.

"யா அல்லாஹ்! அது என்ர வாப்பா தந்த மேசை!"

"வாளின்ர ஆழத்தைக் குறைக்க மறந்திட்டன்."

"வாயின்ர நீளத்தையும் குறைக்க மறந்திட்டீங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் போட்டு, அலுமாரியை நானே செய்யிறன் எண்டு ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?"

ஊரில் ஒருவரோடும் பேசாத மனிதர், ஒரே ஒரு தடவை வாயைத் திறந்ததன் பலன் அது. பைசர் கட்டாரில் பல வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும்போது இந்த மின்வாளைக் கொண்டுவந்திருந்தார். நீளமான அலுமினியத் தடத்தைப் பலகைமேல் வைத்து, அதில் வாளைத் தள்ளிக்கொண்டு போனால் கோடு கிழித்தது போல அறுக்கும். தச்சு வேலையை ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகினார். அந்த வீடியோக்களில் யாருடைய மேசையும் அறுபடவில்லை.

மகள் அப்ராவுக்குச் சிலாவத்துறையில் சம்பந்தம் பேசியிருந்தது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். அதனால் அறையைப் பார்க்க, மாப்பிள்ளையின் உம்மா உம்மு குல்சூம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மூத்த மகனுக்குப் பார்த்த ஒரு வீட்டை, குளியலறைக் கதவு சரியில்லை என்று தட்டிக் கழித்தவர் அவர். இங்கேயோ அறையில் ஒரு கட்டில்தான் கிடந்தது. அப்ராவுக்கு மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டிருந்தது. பயத்தில் பிள்ளை சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"முதல்ல வாளுக்கு ஒரு மேசை. பிறகு அலுமாரி," என்றார் பைசர்.

"இருந்த மேசையை அறுத்துப்போட்டு மேசை செய்யப் போறாராம்!" என்று ஸீனத் தலையில் கைவைத்தாள்.

முற்றத்து வேப்பமர நிழலில் அந்த மேசை ஒரே நாளில் எழுந்தது. முழுப் பலகை படுக்கக்கூடிய எட்டடி நீளம், இடுப்பளவு உயரம். மேலே மூடிய பலகை இல்லை; வாளின் பல் இறங்கவும் தூள் கொட்டவும் இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள். மணல் தரையில் கால்கள் சமமாக நிற்காமல் ஒரு பக்கம் சற்றுச் சரிந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், ஹோஸ்பைப்பைப் பிடித்தால் தூள் எல்லாம் வழிந்து ஓடிவிடும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

புதன்கிழமை காலை முதல் வெட்டு. உடனே பக்கத்து வளவிலிருந்து பாத்தும்மாவின் குரல் வந்தது.

"பைசர்! மரத்தூள் முழுக்க என்ர கருவாட்டில விழுது! மன்னார்க் காத்தைப் பற்றித் தெரியாதோ உங்களுக்கு?"

பைசருக்குப் பேச்சைவிட வேலை சுலபம். ஸீனத்தின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்துவந்து, மேசையைச் சுற்றி நாலு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

தூள் இப்போது வெளியே போகவில்லை. எல்லாம் அவருடைய மூக்குக்குள் போனது. சத்தமும் வெளியே போகாமல் காதுக்குள்ளேயே சுற்றுவது போல இருந்தது. தும்மிக்கொண்டே சந்திக் கடைக்குப் போனார்.

"பஞ்சு இருக்கோ?"

"எவ்வளவு நானா?"

"ரெண்டு காதுக்கும் மூக்குக்கும் வைக்கக் காணும்."

கடைக்காரனுக்கு முகம் வெளுத்துப்போனது. ஒரு முழுச் சுருளை இரண்டு கையாலும் நீட்டினான்.

"காசு வேணாம் நானா. அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கடைக்காரனா என்று அதிசயப்பட்டுக்கொண்டே பைசர் வீட்டுக்கு நடந்தார்.

கடைக்காரனுக்கு மனம் கேட்கவில்லை. பின்னாலேயே வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். சுற்றிவர வெள்ளைத் துணி. துணி விலகிய இடைவெளியில், சட்டம் அடித்த, ஒரு பக்கம் சரிந்த நீளக் கட்டில். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்ட ஊரில் வேறு எப்படி ஆயத்தம் செய்வார்கள்? பள்ளிவாசலுக்கு ஓடினான்.

"பைசர் நானா வீட்டில மவுத்து!"

"ஆர்?" என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

"அந்த ஆள் எப்ப வாயைத் திறந்து சொன்னவர்?"

ஒலிபெருக்கியில், இறந்தது யாரென்று சொல்லாமல், பைசர் வீட்டு மவுத்து என்று மட்டும் அறிவிக்கப்பட்டது. காதில் பஞ்சும் கையில் வாளுமாக நின்ற பைசருக்கு அது கேட்கவில்லை. கேட்ட ஸீனத், கட்டாரில் இருக்கும் கொழுந்தனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய், அவனுக்கே அழைத்து, அவனையும் அழவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. பெண்கள் அழுதுகொண்டு உள்ளே நுழைந்தார்கள். அழுகையில் திடுக்கிட்டு உள்ளறைப் பாயிலிருந்து எழும்பிய பைசரின் மாமியை, ஸீனத்தின் வயதான உம்மாவைக் கண்டதும், அவரைத்தான் மவுத்து என்று நம்பி வந்த பாத்தும்மா வீரிட்டுக் கத்தினாள். மாமிக்கு வேறு விதமாக விளங்கியது.

"அப்ப என்ர மருமகனோ? ஐயோ மகனே! ஒரு நாளாவது உன்னைப் பற்றி நல்லதா ஒண்டு சொல்லயில்லையே!"

துணி ஆடுவதைப் பார்த்த பைசர், காற்றுத்தான் என்று நினைத்து வெளியே தலையை நீட்டினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள். காதிலும் மூக்கிலும் பஞ்சு.

முன்வரிசைக் கதிரைகள் பின்வரிசைமேல் விழுந்தன. மோதினார் ஓதத் தொடங்கிய துஆ பாதியில் நின்றுபோனது. கடைக்காரன் மதிலேறிக் குதித்தான். மாமி மட்டும் சட்டென்று அழுகையை நிறுத்தினார்.

"சொன்னதை எல்லாம் திருப்பி எடுக்கிறன்," என்றார்.

"என்ன நடந்தது?" என்று பைசர் காதுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு மூக்கால் கேட்டார்.

"அதைத்தான் நாங்க கேக்கிறம்! கபுறுக் குழி பாதி வெட்டியாச்சு!" என்று மோதினார் கத்தினார்.

"இது மேசை! அலுமாரி செய்யிற மேசை!"

சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். போகத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. அப்போது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவரைக் கண்டதும் பைசர் மூக்கில் இருந்த பஞ்சையும் அவசரமாகப் பிடுங்கினார். உம்மு குல்சூம்! வெள்ளிக்கு வரவேண்டியவர் புதனே வந்து நிற்கிறார். அலுமாரி இல்லை, சாப்பாட்டு மேசை இரண்டு துண்டு, முற்றத்தில் ஒரு மையித்து இல்லாத மவுத்து. எல்லாம் முடிந்தது என்று ஸீனத் சுவரில் சாய்ந்தாள். அறைக் கதவுக்குப் பின்னால் அப்ரா விம்முவது கேட்டது.

உம்மு குல்சூம் முற்றத்தில் நின்ற சனத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். நடந்ததைக் கேட்டார். மவுத்து வீட்டில் அடுப்பு எரியாதே என்று பாத்தும்மா சுடச்சுடக் கொண்டுவந்திருந்த சோற்றை, பெண்களோடு பாயில் இருந்து சாப்பிட்டார். வெறும் அறையையும் எட்டிப் பார்த்தார். பிறகு அப்ராவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார்.

"கலியாணத்தை வாற மாசமே வைப்பம்."

பைசருக்குத் தன் காதில் இன்னும் பஞ்சு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. "அலுமாரி..." என்று இழுத்தார்.

"அது ஆறுதலாச் செய்யுங்கோ."

அவர் விடைபெற்று வானில் ஏறும்போது, பைசர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு புது ஆளிடம் தானாகப் போய்ப் பேசினார்.

"பாத்தியோ தம்பி? என்ர மேசையைப் பாத்தோடன அவவுக்கு மனம் நிறைஞ்சு போச்சு!"

வான் சாரதி றொசாந்தன் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் குனிந்தான்.

"மேசையோ அண்ணை? 'அந்த ஆள் ஊரில ஒருத்தரோடயும் புழங்காதவராம், அவர் வீட்டில ஒரு மவுத்து விழுந்தாலும் எட்டிப் பாக்க ஆளில்லையாம், சம்பந்தம் வேணாமெண்டு சொல்லிப்போட்டு உடன திரும்புவம், எஞ்சினை நிப்பாட்டாதையும் தம்பி' எண்டெல்லோ வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவ!"