ஒரு பக்கம் கருகிய ரொட்டியும் மூன்று வாக்குகளும்

நாட்குறிப்பு எழுதுகிறவனை நம்பி ஒரு குடும்பம் வீடு மாறக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அப்படி எழுதுகிறவன் நான்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். எந்த நாளில் மழை, எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது, எல்லாம் அதில் இருக்கும். (எங்கள் கல்யாண நாளன்று என்ன எழுதியிருக்கிறேன் என்று மனைவி செல்வி ஒருமுறை தேடிப் பார்த்தாள். "வெயில். சாம்பாரில் உப்புக் குறைவு" என்று இருந்தது. அதற்கு நான் பட்டது தனிக் கதை.)

இந்தத் திறமையைக் கொண்டுதான் என் குடும்பத்தில் மூன்று பேரை ஒரு வார காலம் எங்குமே வசிக்காதவர்களாக ஆக்கினேன்.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், செல்வியின் அம்மா வீரம்மாவோடு நாங்கள் குடியிருந்தோம். மாத்தளையில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டி முடித்தோம். தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து, ஜனவரி 30, வியாழன், காலை 6.42க்குப் புது வீட்டில் பால் காய்ச்சினோம். தண்ணீர் இணைப்பு வந்திருக்கவில்லை. ஆகவே பாலைக் குடித்துவிட்டு லயத்துக்கே திரும்பினோம். சாமான்களோடு லொறியில் வந்து இறங்கியது பெப்ரவரி 6, அதுவும் வியாழன், பிற்பகல் 3.10.

இனி வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், முகவரியை மாற்ற வேண்டும். என் அத்தைக்கு அது சாதாரண விஷயம் அல்ல. கொழுந்து பறித்த கைதான்; ஆனால் எந்த நாட்டுக்கும் சேராதவர் என்று பல வருடம் ஒதுக்கப்பட்டிருந்து, பிறகு குடியுரிமைப் பத்திரம் கிடைத்து அவர் முதன்முதலாக வாக்குப் போட்டபோது செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இடது கைச் சுண்டு விரலில் வைத்த மை தானாக அழியும்வரை அந்தக் கையால் மாவு பிசைய மாட்டார். "ஓட்டு விரலு. அதுல மாவு ஒட்டக் கூடாது" என்பார்.

"பேரு விட்டுப் போகாம பாத்துக்குங்க மாப்ள," என்றார்.

"நான் இருக்கேன்ல அத்தை?" என்றேன். (இந்த வசனத்தை நான் அதன்பிறகு பயன்படுத்தவில்லை.)

இரண்டு கடிதங்கள் எழுதினேன். பழைய இடத்தை நல்ல நேரத்தில் விட்டதாக இருக்கட்டும் என்று எல்கடுவப் பக்கத்துக் கிராம சேவகருக்கு, ஜனவரி 30 காலை 6.42க்கு மாத்தளையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டோம், பெயர்களை நீக்கிவிடவும் என்று எழுதினேன். புதிய இடத்துக்கு வந்தது ஆதாரத்தோடு இருக்கட்டும் என்று மாத்தளைக் கிராம சேவகருக்கு, பெப்ரவரி 6 பிற்பகல் 3.10க்குக் குடிவந்தோம், சேர்த்துக்கொள்ளவும் என்று எழுதி, லொறிக்காரரிடம் கையெழுத்து வாங்கி இணைத்தேன். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை. அன்று மாலை பிளேன்டீ குடித்தபோது என்னைப் பற்றி எனக்கே மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மாத்தளைக் கிராம சேவகர் என்னைக் கூப்பிட்டார். எல்கடுவயிலிருந்து அனுப்பப்பட்டதும் சேர்த்து இரண்டு கடிதங்களும் அவர் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"சேர், ஒண்ணு கேக்கட்டுமா? முப்பதாந் திகதி அங்கயிருந்து வந்துட்டேன்னு அவருக்கு எழுதியிருக்கீங்க. ஆறாந் திகதிதான் வந்தேன்னு எனக்கு எழுதியிருக்கீங்க. இடாப்புக்குக் கணக்கு பெப்ரவரி முதலாந் திகதி. அன்னிக்கு எங்க இருந்தீங்க? லொறியிலயா?"

"எல்கடுவயிலேருந்து மாத்தளைக்கு ஒரு மணி நேர வழிதானே..." என்று இழுத்தேன்.

"ரோட்டு மோசந்தான். ஆனா ஏழு நாள் எடுக்காதே சேர்."

அங்கே எங்கள் பெயர்கள் நீக்கற் பட்டியலுக்குப் போயிருந்தன. இங்கே சேர்க்க வழியில்லை. ஆட்சேபணை சொல்ல இன்னும் சில நாள் இருந்தது. மாத்தளையில் விசாரணைக்கு வரலாம் என்றார்.

வீட்டில் அத்தை கேட்டார்: "இப்ப என் பேரு எங்க இருக்கு?"

"இப்போதைக்கு எங்கயும் இல்ல அத்தை."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "செல்வி பொறக்குறதுக்கு முந்தியும் இதையேதான் மாப்ள சொன்னாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றைய குறிப்பில் நான் மழையைப் பற்றி எழுதவில்லை.

விசாரணைக்கு அத்தையும் வந்தார். நல்ல சேலை கட்டி, தேர்தலுக்குப் போவது போலவே வந்தார். அதிகாரி ஒரு முஸ்லிம் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"முதலாந் திகதி லயத்துலதான் இருந்தோம்னு சொல்றீங்க. உங்க கடிதமே இல்லைன்னு சொல்லுது. வேற ஏதாச்சும் இருக்கா?"

நாட்குறிப்பை எடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: "பெப்ரவரி 1, சனி. எல்கடுவ லயம். பனிமூட்டம். புது வீட்டுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. காலை ஆகாரம்..."

அடுத்த வரி கண்ணில் பட்டது. நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? குடுங்க." அதிகாரி வாங்கி உரத்து வாசித்தார்: "அத்தை சுட்ட ரொட்டி. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. தின்றோம்."

அத்தை என் பக்கம் திரும்பினார். ரொட்டி விஷயத்தில் அந்த லயமே அவரிடம்தான் கேட்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

"நான் சுட்ட ரொட்டியா?"

"அம்மா," என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இது உண்மைன்னா நீங்க அன்னிக்கு லயத்துல இருந்திருக்கீங்க. உங்க பேரு எல்கடுவயிலேயே நிக்கும். ரொட்டி கருகலைன்னா, இந்தக் குறிப்ப நான் நம்ப முடியாதே?"

அத்தை தன் இடது கைச் சுண்டு விரலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கருகிச்சு," என்றார். "வெறகு ஈரம். ஒரு பக்கந்தான். எழுதிக்கிங்க. ஆனா மாவாவெல்லாம் இல்ல. அதையும் எழுதிக்கிங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்று பெயர்களும் தப்பின.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: "இன்னும் எத்தன ரொட்டி எழுதி வச்சிருக்கீங்க?"

"பதினொண்ணு, அத்தை." (பொய் சொல்லியிருக்கலாம். திகதியோடு எழுதி வைத்ததை எப்படி மறைப்பது?)



அடுத்த பெப்ரவரியில் படிவம் வந்தபோது அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "இந்த வீட்டுல இருக்கோம்னு மட்டும் எழுதுங்க. மணி வேணாம். லொறி வேணாம்." அப்படியே எழுதினேன். பட்டியலைக் காட்சிக்கு வைத்த அன்று மூவரும் போனோம். அத்தைக்குத் தன் பெயரை மட்டும்தான் வாசிக்கத் தெரியும். என் உதவி இல்லாமல், மை வைக்கும் அந்த விரலையே ஓட்டித் தேடி, வீரம்மா என்ற இடத்தில் நிறுத்தினார். "இந்தா இருக்கேன்," என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த விரலை அங்கே கொண்டு சேர்த்ததில் என் பேனாவுக்கும் ஒரு பங்கு உண்டு. (குழப்பியதும் அதே பேனாதான் என்று செல்வி சொல்வாள்.)

இப்போதும் எங்கள் அடுப்படியில் ரொட்டி தீய்ந்த வாசம் வந்தால், நான் எந்த மூலையில் இருந்தாலும் அத்தையின் குரல் வரும்:

"மாப்ள, திகதி போட்டு எழுதிக்கிங்க. ஓட்டுக்கு ஆகும்!"

எழுதிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் கருகியது என்பதையும் சேர்த்து.