மகாராஜாவின் கொடியசைக்கும் கை

நெடும்பாதை நாட்டுக்கு விருதுவேந்தர் என்று ஒரு மகாராஜா வாய்த்தார். நாட்டில் எது கிளம்பினாலும் தம் கையால்தான் கிளம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசைப்பட்டவர் மகாராஜா என்பதால் அது சட்டமாயிற்று.

அந்த நாட்டுத் தண்டவாளங்களெல்லாம் தலைநகரின் பெரிய முனையத்தில் வந்து கூடும். தபால் மூட்டை, மல்லிகைக் கூடை, கோழிக்குஞ்சுப் பெட்டி, ஆஸ்பத்திரி மருந்து, எதுவானாலும் அங்கே ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறியாக வேண்டும். அந்தப் பார்சல் ஆபீசுக்குத் தலைமை அதிகாரி செண்பகவல்லி. அரசாங்க ஆணைகளும் அவளைத் தாண்டித்தான் போகும். ஆணை தபாலில் போய், ஊர் ஊராக ஸ்டேஷன் பலகையில் ஒட்டப்பட்ட பிறகுதான் செல்லுபடியாகும் என்பது அங்கே பழைய வழக்கம்.

மகாராஜா கொடியசைக்காமல் எந்தத் தபால் ரயிலும் புறப்படக் கூடாது என்றது முதல் சட்டம். அவர் எழுந்து, குளித்து, மாலைகளை வாங்கிக்கொண்டு வருவதற்குள் மல்லிகை வாடியது. பத்திரிகைப் படத்தில் ரயில் பெரிதாகவும் தாம் சின்னதாகவும் தெரிவதாக அவர் வருத்தப்பட்டதில் இரண்டாம் சட்டம் பிறந்தது: இனி ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனிக் கொடி. கோழிக்குஞ்சுகள் பிளாட்பாரத்திலேயே வளர்ந்து முட்டையிட்டன. நோயாளிகள் எழுந்து நடமாடிய பிறகு மருந்து போய்ச் சேர்ந்தது. எழாதவர்களைப் பற்றி யாரும் மேலிடத்துக்கு எழுதவில்லை. ஒருநாள் மகாராஜா அசந்த நேரத்தில் தபால் மந்திரி அம்பலக்கூத்தர் கொடியை அசைக்க, கூட்டம் கைதட்டித் தொலைத்தது. உடனே மூன்றாம் சட்டம்: மகாராஜாவின் வலது கையைத் தவிர வேறு கை கொடியைத் தொட்டால் ராஜத்துரோகம்.

இதையெல்லாம் தலையெழுத்து என்று செண்பகவல்லி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பிறகு வந்தது. ஆற்றுமேடு என்ற ஊரை நீரில் மூழ்கடித்து ஏரியாக்க ஓர் ஆணை. பக்கத்தில் நிற்கும் மகாராஜாவின் சிலை தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளத் தண்ணீர் இல்லையாம். அந்த ஊரில்தான் அவளுடைய அக்கா மரகதம் குடும்பத்தோடு இருந்தாள். வீட்டுக்கு இப்போதுதான் ஓடு மாற்றியிருந்தார்கள். ஆணை இருந்த மூட்டையைச் செண்பகவல்லி வரிசையின் கடைசிக்குத் தள்ளி வைத்தாள்.

அன்று ஏகப்பட்ட மூட்டைகளுக்குக் கொடியசைத்துவிட்டு, ஆற்றுமேட்டு மூட்டைக்காக மகாராஜா கையைத் தூக்கினார். தோளில் மளுக்கென்று ஒரு சத்தம். அரண்மனை வைத்தியர் ஓடி வந்து, நீவிவிட்டு, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்.

மூட்டை நின்றது. தபால் ரயில்கள் எல்லாம் நின்றன. மந்திரி மூச்சு வாங்கப் பார்சல் ஆபீசுக்கு வந்தார்.

"அந்த ஏரி மூட்டைய மட்டும் ஏத்தி அனுப்பிடும்மா. ராஜாங்க காரியம்."

"அனுப்பிடலாங்கய்யா. கொடிய நீங்க அசைக்கிறீங்களா?"

மந்திரி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "சட்டத்த மாத்திட்டா?"

"மாத்தின சட்டமும் தபால்லதானே போவணும்?"

மந்திரி யோசித்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் வேர்த்தது. "அப்ப அரசாங்கமே நின்னு போச்சுங்கிறியா?"

"பத்திரமா பிளாட்பாரத்துல இருக்குதுங்கய்யா. கிளம்பல, அவ்வளவுதான்."

பயணிகள் வண்டிக்குக் கொடி தேவையில்லை. ஆகவே மருந்தையும் மல்லிகையையும் ஜனங்கள் மடியில் வைத்துக்கொண்டு ஊர் சேர்த்தார்கள். புது வரி வரவில்லை. புதுத் தடை வரவில்லை. நாடு நிம்மதியாக மூச்சு விட்டது.

ஆனால் எந்தக் கையும் ஒருநாள் குணமாகும். மேளதாளத்தோடு மகாராஜா முனையத்துக்கு வந்தார். வைத்தியர் கையின் கட்டைக் கத்தரித்துப் போட்டார். முதல் மூட்டை, ஆற்றுமேடு. சேதி கேட்டு வந்திருந்த மரகதம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் போயிருமாடி?"

"தெரியலக்கா."

மகாராஜா கொடியை வாங்குமுன் மந்திரியிடம் திரும்பினார். "நம் கை ஓய்ந்திருந்த காலத்தில் மக்கள் மிகவும் தவித்திருப்பார்களே?"

"ஒரு குறை மனுகூட வரவில்லை, மகாராஜா."

அது உண்மைதான். போகாத ரயில் எந்த மனுவைத் திருப்பிக் கொண்டுவரும்?

"முன்பு?"

"வண்டி வண்டியாக வந்து குவிந்தது, பிரபு."

மகாராஜா தம் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "குறையே இல்லாத ஆட்சியை எமக்கு முன் எவன் தந்தான்? இந்தக் கை இனி அசையாது. கட்டுங்கள் மறுபடி!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. வைத்தியர் கந்தலான துணியைப் பார்த்து விழித்தார். செண்பகவல்லி ஆபீசுக்குள் ஓடி, பார்சல் தைக்கிற காடாத் துணியையும் சணல் கயிற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் வழிய வழிய, மகாராஜாவின் கையை மடக்கிச் சுற்றி, பார்சல் ஆபீஸ் வழக்கப்படி முடிச்சின் மேல் முடிச்சு போட்டாள்.

"கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, பெண்ணே?"

"வழியில அவுந்துடக் கூடாதுங்க, மகாராஜா."